முதல் எல்க் வேட்டை: எதை வாங்கலாம், எதை இரவல் கேட்கலாம்

அமெரிக்காவின் கொலராடோவில் அக்டோபர் கடைசியில் தொடங்கும் இரண்டாம் ரைஃபிள் சீசனுக்கு, எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட டேக் (அனுமதிச் சீட்டு) எடுத்தாயிற்று. காரை விட்டு ஐந்து கிலோமீட்டர் உள்ளே நடந்து, நான்கு இரவு காட்டிலேயே தங்குவதாகத் திட்டம். கையில் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் இருக்கிறது. எதில் போடுவது என்று தெரியாமல்தான் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ரைஃபிள் அடுக்கு; அதற்கடுத்து சுவர் நிறையக் காமோ சட்டைகள். பணம் அங்கேயே கரைந்துவிடும். ஆனால் பாதியில் திரும்பி வருகிறவர்களின் காரணங்கள் வேறு: கொப்புளம் போட்ட கால், நனைந்த படுக்கை, இறைச்சியைத் தாங்காத பேக். தங்குமிடம் 3,000 மீட்டரை ஒட்டி இருக்கும்; தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். பகலில் சட்டையோடு நடக்கலாம், இரவில் மைனஸ் பத்து டிகிரிக்கு இறங்கும், இடையில் ஒருநாள் முழங்கால் வரை பனி கொட்டலாம். செப்டம்பர் வில் வேட்டைக்குக் கணக்கு வேறு. அதை இங்கே தொடவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், சுட்ட பிறகு அந்தப் பொருள் என்ன செய்யும் என்பது. வளர்ந்த ராக்கி மலை ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பெடுத்த இறைச்சி மட்டும் 80 முதல் 110 கிலோ. ஒருவர் தடவைக்கு 25–30 கிலோ சுமந்தால் நான்கு நடை. நான்கு முறை வெளியே, மூன்று முறை உள்ளே. ஐந்து கிலோமீட்டர் தூரமென்றால் 35 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டுவருவது இதில் சேரவில்லை. நான்கு கால்கள், முதுகுச் சதை, முதுகெலும்புக்கு உட்புறமுள்ள மென்சதை (டெண்டர்லாயின்) இவற்றையெல்லாம் வெளியே கொண்டுவர வேண்டும் என்பது கொலராடோ சட்டம். பாதியை விட்டுவிட்டு வர வழியில்லை.

இரண்டாவது, நனைந்தால், உறைந்தால் என்ன ஆகும். மூன்றாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவு. நான்காவது, வேட்டை பிடிக்காமல் போனாலும் அந்தப் பொருள் வேறெதற்காவது உதவுமா என்பது. முதல் இரண்டிலும் தோற்கும் பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

## முதுகுப்பை

ஏற்கெனவே இருக்கும் 65 லிட்டர் ஹைக்கிங் பேக். செலவில்லை, உடம்புக்குப் பழகியது. ஆனால் இவை 20 கிலோ சுமையை மனதில் வைத்துச் செய்தவை. 35 கிலோ ஏற்றினால் உள்ளிருக்கும் அலுமினியப் பட்டை வளையும், இடுப்புப் பட்டை நழுவும், பாரம் முழுக்கத் தோளுக்கு வந்துவிடும். இறைச்சியை வைக்கத் தனியிடம் கிடையாது; ஸ்லீப்பிங் பேக் இருந்த அதே அறையில் ரத்தம் கசியும் மூட்டையைத் திணிக்க வேண்டும்.

வெறும் அலுமினியச் சட்டகம். 150 முதல் 250 டாலருக்குள் கிடைக்கும். கீழே மடக்குத் தட்டு, மேலே இழுத்துக் கட்ட வார்கள், அவ்வளவுதான். எவ்வளவு கட்டினாலும் அசராது. ஆனால் நடக்கும்போது கிரீச்சிடும், விழுந்த மரங்களுக்கிடையே நுழைந்தால் கிளையில் மாட்டும். நாள் முழுக்க இதை மாட்டிக்கொண்டு பதுங்கி நடக்க முடியாது.

வேட்டைக்கென்றே செய்த பேக். ஸ்டோன் கிளேசியர், கிஃபாரு, எக்ஸோ, மிஸ்டரி ராஞ்ச் போன்றவை. 550 முதல் 800 டாலர். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியைச் செருகி இறுக்கும் இடம் இருக்கும். பாரம் தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகெலும்பை ஒட்டி உட்காரும். கீழே தொங்கினால் பின்னால் இழுக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு விலை. மறைச்செலவும் உண்டு: மழையுறை, துப்பாக்கி மாட்டி, மேல்மூடிப் பை ஆகியவை பல நிறுவனங்களில் தனிவிலை. உயரமானவர்கள் சட்டக உயரத்தைக் கவனித்து வாங்க வேண்டும். மேல்வார் தோளிலிருந்து மேல்நோக்கி ஏறிச் சட்டகத்தில் சேர வேண்டும். தோள்மட்டத்திலேயே நின்றால் பாரம் இடுப்புக்கு இறங்காது.

குதிரைக்காரர். பதிவுபெற்ற அவுட்ஃபிட்டர்கள் (வேட்டை ஏற்பாட்டாளர்கள்) இறைச்சியை மட்டும் இறக்கிக் கொடுப்பார்கள். தூரத்தைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரம் வரை போகும். சீசன் நடுவில் அழைத்தால் குதிரை இருக்காது, முன்பே பேசி வைக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கும், முழங்கால் சரியில்லாதவருக்கும் இது ஆடம்பரம் இல்லை.

முதல் வருடத்துக்கு அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு: சொந்த ஹைக்கிங் பேக்கோடு வேட்டையாடுவது, அலுமினியச் சட்டகத்தைக் காரிலேயே விட்டுவைப்பது. முதல் நடையில் ஹைக்கிங் பேக்கில் 20 கிலோ மட்டும் இறக்கி, திரும்பும்போது சட்டகத்தை மாட்டிக்கொண்டு போகலாம். இழப்பு ஒரு நடையில் பத்துக் கிலோ. மிச்சம் ஐந்நூறு டாலர். ஐந்து கிலோமீட்டருக்குள் இது நன்றாகவே ஓடும். அதைத் தாண்டிப் போகிறவர்கள், அடுத்த வருடமும் போவது உறுதி என்பவர்கள், வேட்டைப் பேக்கையே வாங்குவது சரி.

எதை வாங்கினாலும் ஆகஸ்டிலேயே 30 கிலோ ஏற்றிப் பாருங்கள். மணல் மூட்டையைவிடத் தண்ணீர்க் கேன் நல்லது: மேடேறி முடித்ததும் கொட்டிவிட்டு இறங்கலாம், முழங்கால் பிழைக்கும்.

## பூட்ஸ்

எங்களைக் கேட்டால் இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் விலை உயர்ந்ததெல்லாம் சரியானதும் இல்லை.

இலகுவான செயற்கைத் துணி பூட்ஸ் (150–230 டாலர்). முதல் நாளே காலுக்குப் பொருந்தும், சீக்கிரம் காயும். அடிப்பாகம் மெலிந்து வளைவதால், 30 கிலோவோடு சரிவில் குறுக்காக நடக்கும்போது பாதம் முறுக்கும். செப்டம்பரில் இதுவே போதும். அக்டோபர் கடைசிப் பனியில் ஈரம் ஊறி உள்ளே வந்துவிடும்.

கனமான அடிப்பாகமுள்ள, உள்ளே பஞ்சு வைக்காத தோல் பூட்ஸ் (350–550 டாலர்). கென்ட்ரெக், கிறிஸ்பி, ஷ்னீஸ் வகை. கணுக்காலை மூடும், 20–25 சென்டிமீட்டர் உயரம். சரிவில் விளிம்பை ஊன்றி நிற்கலாம். மறைச்செலவு காலம்தான்: 60–80 கிலோமீட்டராவது நடந்து பழக்கினால்தான் குதிகால் பிழைக்கும். அக்டோபர் முதல் வாரத்தில் வாங்கினால் பழக்க நேரமில்லை; அப்படியானால் இரண்டாம் ரகத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே பழகிய பூட்ஸுக்கு முழங்கால்வரை கெய்ட்டர் (பனி உள்ளே போகாமல் தடுக்கும் துணியுறை) மாட்டிக்கொண்டு போவதே மேல். தோலுக்கு மெழுகு, உள்ளே போடும் இன்சோல் என்று இன்னும் 60, 70 டாலர் ஆகும்.

400 கிராம் தின்சுலேட் (சூடு காக்கும் செயற்கைப் பஞ்சு) வைத்த பூட்ஸ். உட்கார்ந்தே காத்திருப்பவர்களுக்கும், நவம்பர் கடைசி சீசன்களுக்கும் இது சரி. நடந்து திரியும் வேட்டையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே கால் வியர்த்துக் காலுறை நனையும். பிறகு உட்கார்ந்ததும் அந்த ஈரமே குளிரும். உள்ளே நனைந்த பஞ்சு காட்டில் காயவே காயாது.

அரை அளவு பெரிதாக, வேட்டைக்குப் போடும் அதே தடித்த காலுறையோடு, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் முட்டினால் அந்த ஜோடி வேண்டாம். இரவில் தோல் பூட்ஸை வெளியே விட்டால் காலையில் கல்லாக உறைந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

## தங்குமிடம்

| | இருவருக்கு எடை | விலை (டாலர்) | எங்கே கைகொடுக்கும் | எங்கே கைவிடும் |
|---|---|---|---|---|
| மூன்று பருவ டென்ட் | சுமார் 2 கிலோ | 250–500 | வறண்ட குளிர், மரங்களுக்கிடையே | ஈரப்பனி கனமாக விழும்போது |
| நான்கு பருவ டென்ட் | 3–4 கிலோ | 700–1,200 | மரமற்ற மேடு, காற்று | எடை. உள்ளே ஈரம் காயாது |
| அடித்துணி இல்லாத டிப்பி (கூம்புக் கூடாரம்), விறகடுப்புடன் | 3–4 கிலோ | 900–1,500 | நனைந்த துணி, நீண்ட இரவு | பாறைத் தரை, நெருப்புத் தடை |
| காரருகே முகாம் | சுமக்க வேண்டாம் | இருப்பதே போதும் | முதல் முறை, தனி ஆள் | விடியுமுன் நீண்ட நடை |

படங்களில் பார்த்து மயங்குவது டிப்பியைத்தான். மயங்குவதில் தப்பில்லை. அக்டோபர் இரவு பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். அதில் இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பாக உட்கார்ந்து காலுறையும் கையுறையும் காயவைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த டைட்டானியம் அடுப்பு மெல்லிய தகடு. ஒருமுறை நிரப்பினால் அரை மணி நேரம்கூட நிற்காது. தூங்கும்போது எரியும் என்று நினைக்க வேண்டாம். கட்டைவிரல் பருமனில் காய்ந்த விறகு ஒரு கட்டு வேண்டும். நாள் முழுக்க நடந்துவிட்டு இருட்டில் அதை ஒடிப்பதும் அறுப்பதும் தினம் முக்கால் மணி நேர வேலை. மேல்துவாரத்தைத் திறந்து வைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. நெருப்புத் தடை அமலில் இருந்தால் அடுப்பு வெறும் சுமை. இருவராகப் போய் எடையைப் பங்குபோட்டால் டிப்பி சிறந்தது; தனி ஆளுக்கு முதல் வருடம் அதிகம்.

மூன்று பருவ டென்டின் பலவீனம் பலரும் நினைப்பதுபோல் குளிர் இல்லை, பாரம். நீங்கள் காலை நான்கு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புவீர்கள்; நடுவில் விழும் பனியைத் தட்டிவிட ஆளில்லை. கம்பம் ஒடிந்து, ஸ்லீப்பிங் பேக் நனைந்து கிடக்கும். பனி எதிர்பார்க்கும் நாளில் கிளம்புமுன் டென்டைப் படுக்கப்போட்டு, மேல்துணியால் மூடிவிட்டுப் போவது இதற்கு எளிய வழி.

நான்கு பருவ டென்ட், மரம் வளரும் எல்லைக்கு மேல் தங்குகிறவர்களுக்கு. எல்க் அந்தச் சமயத்தில் பெரும்பாலும் அடர்ந்த மரங்களுக்குள் ஒதுங்கியிருக்கும். நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள்.

காரருகே முகாமைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். பெட்ரோல் அடுப்பு, தடித்த மெத்தை, மாற்று உடை எல்லாம் இருக்கும். வானம் கெட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இதன் விலை தூக்கம்: விடியும்போது ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழ வேண்டும், தினமும்.

## படுக்கை

இறகு ஸ்லீப்பிங் பேக்கா, செயற்கைப் பஞ்சா? மைனஸ் 18 டிகிரிக்கு நல்ல இறகு ரகம் 1.3 கிலோவுக்குள் அடங்கும், 450 டாலருக்கு மேல். செயற்கை ரகம் 2 கிலோவைத் தாண்டும், ஆனால் பாதி விலை. இறகு நனைந்தால் உப்பாது, பஞ்சு நனைந்தும் ஓரளவு சூடு தரும். நான்கு இரவில் மூச்சுக்காற்றின் ஈரமே இறகுக்குள் சேரும். மதிய வெயிலில் கிளையில் போட்டு உதறினால் மீளும். காரருகே தங்கினால் செயற்கையே போதும். சுமந்து போனால் இறகு.

பையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பெரிதாகப் போட்டிருப்பது பல சமயம் கீழெல்லை, அதாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் வெப்பநிலை. சௌகரிய எல்லை அதைவிடச் சில டிகிரி மேலே. அதைப் பார்த்து வாங்குங்கள்.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு பாயில். 500 டாலர் ஸ்லீப்பிங் பேக்கை மெல்லிய கோடைப் பாயில் விரித்தால், உடம்பின் கீழ் நசுங்கிய இறகால் பயனில்லை. குளிர் தரையிலிருந்து ஏறும். ஆர்-மதிப்பு (பாய் குளிரைத் தடுக்கும் அளவு) 5-க்கு மேல் வேண்டும். இரண்டு பாயை அடுக்கினால் மதிப்பு கூடிக்கொள்ளும்: காற்றடைக்கும் பாயின் கீழே 50 டாலர் நுரைப்பாய் ஒன்று போட்டால் 2 சேரும். காற்றுப்பாய் முள் குத்தி இறங்கினாலும் ராத்திரி ஓடிவிடும். மதியம் பனியில் உட்காரவும் அதே நுரைப்பாய்தான்.

## ரைஃபிள்

கடையில் அதிக நேரம் பேசப்படுவது இதைப் பற்றி. சொல்ல இருப்பது கொஞ்சம்தான். .308, .30-06, .270, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் எதுவானாலும் போதும். கொலராடோ சட்டம் கேட்பது .24 அங்குலத்துக்குக் குறையாத குழல், எல்க்குக்கு 85 கிரெயினுக்கு (தோட்டாவின் எடை அலகு) குறையாத விரியும் தோட்டா. 6.5 கிரீட்மூரும் தேறும். தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இலகுவான .300 வின்செஸ்டர் மேக்னம் சுமக்கச் சுகம். ஆனால் உதை கடுமையாக இருப்பதால் புதியவர்கள் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் போக அதிகத் தோட்டா செலவாகும். இரவலாகக் கிடைத்த பழைய .30-06, அதோடு நூறு தோட்டா பயிற்சி, அதுவும் மேசையில் வைத்துச் சுடாமல், மண்டியிட்டும் பேக்கின் மேல் சாய்த்தும் சுட்டது என்றால் அதுவே மேல். பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்: செம்புறையோடு பிணைத்த ஈயம், அல்லது பார்ன்ஸ் போன்ற முழுச் செம்பு. தோள் எலும்பில் பட்டுச் சிதறாமல் உள்ளே போகும். செம்பில் இறைச்சிக்குள் ஈயத்துகள் சேரும் கவலையும் இல்லை.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டரசுச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. எனவே உரிமம் முதலில், பயிற்சித் திடல்கூட அதற்குப் பிறகே. இரவல் கொடுப்பதற்கான விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

## பைனாகுலர்

10×42 (பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி) ஒன்று, மார்பில் மாட்டும் பையோடு. 300 முதல் 500 டாலருக்குள் நல்ல கண்ணாடி கிடைக்கிறது. 2,000 டாலர் கண்ணாடியோடு வித்தியாசம் தெரிவது விடியலின் முதல் கால்மணி நேரமும் அந்தியின் கடைசிக் கால்மணி நேரமும்தான். எல்க் வெளியே வருவது அப்போதுதான் என்பதும் உண்மை. ஆனாலும் முதல் வருடத்தில் மலிவான கண்ணாடியை முக்காலியில் பொருத்திப் பார்ப்பவர், விலை உயர்ந்ததைக் கையில் நடுங்கப் பிடிப்பவரைவிட அதிகம் காண்பார். அடர்காட்டிலேயே திரிவதென்றால் 8×42. ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வேண்டாம். தூரமானியை இரவல் கேளுங்கள்.

## கத்தி, இறைச்சிப் பை

மாற்று பிளேடு கத்தி (ஹவலான் வகை) அறுவைக் கத்திபோல் கூர்மை, எடையே தெரியாது. மூட்டில் திருகினால் மடக்கென்று ஒடியும். ஒடிந்த துண்டு இறைச்சிக்குள் போய்விட்டால் தேடியே ஆக வேண்டும். விறைத்த, வழவழப்பான விரல்களோடு பிளேடு மாற்றுவதுதான் அதிகம் கையை அறுப்பது. மாற்றச் சிறு இடுக்கி எடுத்துப் போகவும். நிலையான 9–10 சென்டிமீட்டர் கத்தி 150 கிராம் கூட, எல்கின் தடித்த தோலில் நடுவே இருமுறை தீட்ட வேண்டியிருக்கும், ஆனால் மூட்டைப் பயமில்லாமல் பிரிக்கலாம். ஒன்றுதான் என்றால் இது. இரண்டும் சேர்ந்தால் தோலுக்குப் பிளேடு, மூட்டுக்கு நிலைக்கத்தி.

பைகள் ஐந்தாவது வேண்டும். மலிவான பருத்தி வலைப்பை நீளும், ஈ நுழையும், ரத்தம் ஊறி இறைச்சியோடு ஒட்டும். நெருக்கமாக நெய்த செயற்கைத் துணிப்பை 60 முதல் 120 டாலர். துவைத்து வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். குளிர்தானே என்று தோலை உரிக்காமல் விடக் கூடாது. பின்தொடை எலும்பை ஒட்டிய சூடு உறைபனி இரவிலும் தங்கி உள்ளிருந்தே புளித்துவிடும். உடனே உரித்து, எலும்பெடுத்து, நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். கரடி வரும் என்பதால் தூங்குமிடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி. பாலினத்தைக் காட்டும் உறுப்பு ஏதேனும் ஒரு காலோடு இயல்பாக ஒட்டியிருக்கும்படி விட வேண்டும். வெட்டிப் பையில் போட்டால் செல்லாது. தேய்வு நோய் (மான் இனங்களின் மூளையைத் தாக்கும் நோய்) பரவும் பயத்தால் பல மாநிலங்கள் வெளியிலிருந்து தலையையும் முதுகெலும்பையும் உள்ளே விடுவதில்லை. ஊர் தாண்டிப் போகிறவர்கள் கிளம்புமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## உடையும் சில்லறையும்

வேட்டை நிறுவனத்தின் முழு உடைத்தொகுதி 800 டாலருக்கு மேல். மெரினோ கம்பளி உள்ளாடை, ஃப்ளீஸ், சத்தம் போடாத பேன்ட், ஒரு இறகு ஜாக்கெட், மழைமேலாடை இவற்றைச் சாதாரணக் கடையில் 300-க்குள் தேற்றலாம். எல்க் பிடிப்பது அசைவையும் வாடையையும். காற்றின் திசை பார்க்கும் ஐந்து டாலர் தூள் புட்டி எந்தக் காமோவையும்விட உதவும். பருத்தி மட்டும் கூடாது, ஜீன்ஸ் உட்பட.

கேஸ் அடுப்பா, திரவ எரிபொருளா? பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டியே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 11 வரை தாங்கும். அக்டோபருக்கு ஐசோபியூட்டேன்–புரொப்பேன் கலவை போதும், இரவில் சிலிண்டரைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டால். திரவ எரிபொருள் நவம்பருக்கும் பனி உருக்கிக் குடிக்கிறவர்களுக்கும். தண்ணீர் வடிகட்டியும் படுக்கைக்குள்தான்: நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடிப்பு விடும், வெளியே தெரியாது. குளோரின் டையாக்சைடு மாத்திரை ஒரு பட்டை மாற்றாக வைத்திருங்கள்.

புதிய ஐபோன் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும். ஆனால் குளிரில் போன் பேட்டரி படுத்துவிடும், வரைபடமும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. தனி ஆளுக்கு இன்ரீச் போன்ற தனிச் செயற்கைக்கோள் கருவி, சந்தாவோடு. இருவரானால் ஒன்று போதும். காகித வரைபடம் இருவரிடமும்.

## வாங்குவதா, வாடகையா, இரவலா

கூடாரம், ஸ்லீப்பிங் பேக், இன்ரீச் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். முதல் வருடத்துக்கு அதுவே புத்தி. வாடகைப் பொருள் அனுப்பும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேரும், சீசன் வாரத்துக்கு ஜூலையிலேயே பதிவு செய்ய வேண்டும். ரைஃபிளும் தூரமானியும் இரவல். பூட்ஸ், நுரைப்பாய், இறைச்சிப் பைகள் சொந்தம். நல்ல வேட்டைப் பேக்கும் பைனாகுலரும் கைமாறும்போது விலை அதிகம் இறங்குவதில்லை என்பதால் பழையது வாங்கலாம், பிடிக்காவிட்டால் விற்கலாம். உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஆரஞ்சு உடையை மட்டும் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, தலையிலும் அதே நிறம். காமோ அச்சிட்ட ஆரஞ்சு கணக்கில் வராது. பேக்கை மாட்டினால் முதுகுப்பக்கம் முழுக்க மறைந்துபோகும் என்பதால் பேக்குக்கும் ஒரு ஆரஞ்சு உறை வாங்குங்கள், இருபது டாலர்தான். இறைச்சி சுமந்து வரும்போதும், கொம்பைப் பேக்கில் கட்டியிருக்கும்போதும் அது கட்டாயம்.